பிளம்ஸ் ஜாடியின் பேச்சு

மனைவி போன பிறகு தையல்காரருக்குப் பேச்சுத்துணையாக வீட்டில் மிஞ்சியது ஒரு கண்ணாடி ஜாடி. சிரிக்காதீர்கள், அவருக்கு இதில் விளையாட்டே இல்லை.

படுக்கையில் விழுவதற்குச் சில நாள் முன்புதான் அவள் பிளம்ஸ் பழங்களைக் கொட்டை நீக்கிப் பிசைந்து, சர்க்கரையும் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்து ஒயினுக்குப் போட்டிருந்தாள். ஜாடி மூடியில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனை தண்ணீர் டம்ளரில். உள்ளே பழம் புளிக்கப் புளிக்க டம்ளரில் குமிழி வரும். அடக்கம் முடிந்து, வந்த கூட்டமும் கலைந்த பிறகு அவர் சமையலறையில் தனியாக உட்கார்ந்து, "என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே" என்றார்.

களுக்.

டம்ளரில் ஒரு குமிழி. அவர் ஜாடியின் பக்கம் திரும்பினார். "இங்கதான் இருக்கியா?"

களுக்.

அன்றிலிருந்து எந்தத் துணியை முதலில் வெட்டுவது, கடையை எப்போது மூடுவது, எல்லாமே ஜாடியைக் கேட்டுத்தான். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்!

குமிழி குறையத் தொடங்கியதும் மூடியைத் திறந்து ஒரு கரண்டி சர்க்கரை போட்டார், பேச்சு வந்தது. குறைந்தபோதெல்லாம் போட்டார். பிறகு குறையாதபோதும் போட்டார். ஒருநாள் பயத்தில் பொட்டலத்தையே கவிழ்த்துவிட்டார். அதற்கப்புறம் டம்ளரில் தண்ணீர் அசையவே இல்லை.

மனைவியின் தம்பிக்கு ஆள் அனுப்பினார். அக்காவோடு சேர்ந்து ஒயின் போட்டுப் பழகியவன் அவன். வந்து, ஜாடியை முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தான்.

"எவ்வளவு சர்க்கரை போட்டீங்க அத்தான்?"

"அவ கேட்டப்பல்லாம்."

"யாரு?"

தையல்காரர் கண்ணால் ஜாடியைக் காட்டினார். மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுதான் உசுரோட இருக்கும். ஒரேயடியா கொட்டினா அதுவே அதுக்கு எமன். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுதானே."

"அப்ப நானே கொன்னுட்டேனா?"

ஆஸ்பத்திரியிலும் அடக்கத்திலும் அழாத மனுஷன், மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க. அடிமண்டியில கொஞ்சம் உசுரு ஒட்டிக்கிட்டு இருக்கும். பார்ப்போம்." மேலே நின்றதையெல்லாம் குழாய் வைத்து இறக்கினான். புதுப் பழம் வாங்கி வந்து பிசைந்து, வெதுவெதுப்பான தண்ணீரும் அளந்த சர்க்கரையும் சேர்த்து மண்டியின் மேல் ஊற்றினார்கள். ஜாடிக்குக் கம்பளி சுற்றினார்கள். காய்ச்சல்காரிக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல் தையல்காரர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடையைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், களுக்.

"பொழைச்சிட்டா!" என்று எழுந்து நின்றார். "வலிக்குதா?"

களுக்.

"என் மேல கோபமா?"

களுக், களுக்.

"அதானே! கோபம் இல்லாட்டி அது நீ இல்லையே!" எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அத்தான், புதுசா போட்டா மொதல்ல அப்படித்தான் விடாம வரும்..."

"நீ கொஞ்சம் சும்மா இரு." ஜாடியிடம் குனிந்தார். "நான் யாரு, சொல்லு பார்ப்போம்?"

டம்ளரில் தண்ணீர் அடங்கிவிட்டது.

இருவரும் காத்திருந்தார்கள். மச்சினன் மூடியை அழுத்திப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. குழாயிலும் மடிப்பு இல்லை. அவன் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. "வாங்க அத்தான், வெளியே போயிட்டு வரலாம்" என்றான்.

தையல்காரர் நகரவில்லை. நாற்காலியை ஜாடிக்கு எதிரே இழுத்துப் போட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சற்றுத் தள்ளியே உட்கார்ந்தார்.

"நான் தையல்காரனுங்க" என்றார், மிகவும் மரியாதையாக. "கடை முன்னாடிதான் இருக்கு. என்னை ஞாபகம் இல்லாட்டி பரவாயில்லங்க, உங்களை எனக்கு நல்லாத் தெரியும்."