ருக்சார் உயரத்துக்கு ஒரு கூரை

ராயப்பேட்டை சந்தில் ஹஸனின் ஓட்டுவீட்டில் அவன் தங்கை ருக்சாருக்கென்று ஓர் இடம் கிடையாது. புருஷன் தள்ளிவைத்து வந்தவள் அடுப்பங்கரையில்தான் படுப்பாள். தண்ணீர் குடிக்க யார் வந்தாலும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால், ஓட்டைப் பிரித்துச் சுவரை உயர்த்தி, பலகைத் தளம் போட்டு மேலே ஓர் அறை எடுக்கலாம், அது உனக்குத்தான் என்று அண்ணன் சொன்னபோது அவள் அப்போதே பாயைச் சுருட்டிக் கட்டிவைத்தாள்.

கொத்தனார் முருகையன் அண்ணாந்து பார்த்தார். "இன்னா பாய், எவ்ளோ தூக்கணும்? மேல நிக்கப்போறது யாரு?"

ஹஸனின் மனைவி நாஸியா முந்திக்கொண்டாள். "இவதான். மகாராணிக்குத் தலை இடிக்காம இருந்தா போதும். அதுக்குமேல ஒரு செங்கல் வேணாம்."

முருகையன் ருக்சாரைச் சுவரோரம் நிறுத்தினார். அவள் குள்ளம். குதிகாலைக் கொஞ்சமாகத் தூக்கினாள். நாஸியா கண்டுபிடித்து, தன் காலால் அவள் காலைத் தட்டிவிட்டாள். உச்சந்தலைக்கு மேலே பென்சில் கோடு விழுந்தது.

ருக்சார் செங்கல் சுமந்தாள். காலையும் மாலையும் புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டார்கள். படிக்கட்டுக்கு இடமில்லை என்று நாஸியா மூங்கில் ஏணி ஒன்றை வாங்கிச் சாத்தினாள். வேலை முடிந்த அன்று ருக்சார் மேலே ஏறி, பலகைக் கதவை மூடிவிட்டு அறையின் நடுவில் நின்றாள். யாரும் தாண்டாத இடத்தில் நிற்பதற்காகவே வெகுநேரம் நின்றாள்.

கத்திரி வெயிலில் ஹஸனின் மகள் அதீபாவைப் பெண் பார்க்க ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்தார்கள். வாழாவெட்டி அத்தை கண்ணில் பட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்றாள் நாஸியா. ருக்சார் பிரியாணியைத் தம்மில் வைத்த கையோடு அவளை மேலே ஏற்றி, ஏணியை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டாள்.

தகரம் கொதித்தது. ருக்சார் பலகையில் குப்புறப் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தாள். கீழே அதீபாவின் கையில் தான் இட்டுவிட்ட மருதாணி தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தலை வாரியதும் சோறு ஊட்டியதும் அவள்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தபோது பலகை முனகியது.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "மேல யாரு?"

அத்தையைப் பூபி, பூபி என்று கூப்பிட்டு எப்போதும் முந்தானையைப் பிடித்துத் திரிந்த அதீபா சொல்லிவிடுவாள் என்று ருக்சார் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

"யாருமில்ல ஆன்ட்டி. எலி," என்றாள் அதீபா.

எல்லோரும் சிரித்தார்கள். பிரியாணிக்கு நல்ல பெயர் கிடைத்தது. கிளம்பும்போது அந்த அம்மா, எங்கள் வீட்டில் நெருக்கடி, மேலறை சும்மாதானே கிடக்கிறது, பிள்ளைகள் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமே என்றார். அவர்களுக்காகத்தானே தூக்கினோம் என்றான் ஹஸன். அதுவும் இடுக்கு வழியாகக் கேட்டது.

மாப்பிள்ளை ரெஹான் நெடுநெடுவென்று இருந்தான். தகரத்தைக் கழற்ற முருகையன் மறுபடி வந்தார். ரெஹானே நேரில் வந்து அதே சுவரோரம் நின்றான். பழைய கோடு அவன் நெஞ்சுக்கு இருந்தது.

"இது இன்னா மாமி கோடு?"

"கொத்தனார் கிறுக்கினது," என்றாள் நாஸியா.

"ஃபேன் மாட்டணும், தாராளமாத் தூக்குங்க," என்றாள் அதீபா.

முருகையன் கோட்டைப் பார்த்தார், ருக்சாரைப் பார்த்தார், டேப்பை மடக்கிக்கொண்டார். ரெஹானின் கண்ணும் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பியது. யார் இவர் என்று அதீபாவைக் கேட்டான்.

"வேலைக்கு வர்றவங்க."

சுவர் ஏறியது. அடுப்பங்கரையில் பாய் பழைய இடத்துக்கே திரும்பியது. புதுச் செங்கல் காயக்கூடாது என்று நாஸியா குரல் கொடுத்தாள். ருக்சார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். இப்போதெல்லாம் ரெஹான் வீட்டார் வந்தாலும் அந்த ஏணியை யாரும் எடுப்பதில்லை.