ஆத்தாள் காலடியில் பெனிசிலின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், பங்குனி வெயிலில், உலக சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய மகத்தான சம்பவம் ஒன்று பென்னாகரத்தை அடுத்த எங்கள் ஊரில் நடந்தேறியது. பெனிசிலின் என்னும் புது மருந்து வந்து சேர்ந்தது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அன்று வேறெங்கோ வேலையாகப் போய்விட்டார்கள்.

காசியம்மாள் பிள்ளை பெற்ற சில நாளிலேயே காய்ச்சலில் விழுந்திருந்தாள். அறை வாசலில் நின்றாலே சீழ் நாற்றம் மூக்கில் அடித்தது. அந்த ஊசி ஒன்றுதான் பிழைக்க வைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் சென்றாயன் ஓடிப்போய், தான் குத்தகைக்கு உழும் நிலத்தின் சொந்தக்காரரும் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவுமான வெங்கடாசலத்தின் காலில் விழுந்தான். தாலுக்காவிலேயே முதல் பெனிசிலினை வரவழைத்தவர் என்ற பெயர் கிடைக்கும் என்று தெரிந்ததும் தர்மகர்த்தாவுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. பட்டணத்துக்குத் தந்தி பறந்தது.

மரப்பெட்டி வந்தது. உள்ளே மரத்தூள், ஐஸ் கட்டி, நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு புட்டி.

“சூடு படக்கூடாதுங்க. நேரா அந்தம்மாகிட்ட கொண்டு போயிடலாம்” என்றார் டாக்டர்.

“ஆத்தா பார்வைக்குப் போயிட்டுப் போவும்” என்றார் தர்மகர்த்தா.

“ஊசியப் போட்டுட்டு அப்புறமா கோயிலுக்கு...”

“பேச்சப் பாரு! புள்ள பெத்த தீட்டு வூட்டுக்குள்ள போன புட்டிய ஆத்தா காலடியில வெக்கச் சொல்றீரா? படிச்சவருதானே நீரு?”

டாக்டர் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அதைச் சரிசெய்துகொண்டு அவரும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்.

மேளதாளத்தோடு பெட்டி கோயிலுக்குப் போயிற்று. பூசாரி தீர்த்தன் புட்டிக்குக் குங்குமம் வைத்து, எரிகிற இரண்டு விளக்குகளுக்கு நடுவே நிறுத்தினான். ஐஸ் கட்டியை ஊர் அன்றுதான் பார்த்தது. “ஆத்தா குளுந்து கல்லாயிட்டாடி!” என்று ஒருத்தி சாமியாடினாள். கட்டியை உடைத்துத் தீர்த்தமாகக் கொடுத்தார்கள். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயால் ஒருவர் சப்பிவிட்டு அடுத்தவருக்குத் தந்தார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சப்பினார். மிச்சத் தண்ணீரில் மிதந்த மரத்தூளையும் பிரசாதம் என்று விழுங்கினார்கள். டாக்டரை மேடையேற்றினார்கள். விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் கைகோத்து நடப்பதைப் பற்றி அவரும் விரிவாகப் பேசினார்.

“ஐயா, ஊசிங்க...” என்று சென்றாயன் மேடையோரம் நின்று கும்பிட்டான்.

“இருடா. பெரியவங்க பேசறாங்க இல்ல?” என்றார் தர்மகர்த்தா.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் புட்டியைக் கையில் எடுத்தார். வேகவைத்த முட்டை போலச் சுட்டது. குங்குமத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“கெட்டுப்போச்சுங்களா?” என்றான் சென்றாயன்.

“எல்லாம் ஆத்தா பாத்துக்குவா” என்று சொல்லிவிட்டுப் போய்க் குத்தினார். அவர் படித்த வைத்தியத்தில் இந்த வாக்கியம் எந்தப் பாடத்தில் வந்ததோ தெரியாது.

மறுநாள் காலை தர்மகர்த்தா ஊரைத் திரட்டிக்கொண்டு அற்புதத்தைப் பார்க்க வந்தார். தீட்டு அல்லவா, தெருவிலேயே நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“டேய் சென்றாயா! தொட்டுப் பாரு. ஒடம்பு சுடுதா?”

உள்ளேயிருந்து சென்றாயன் குரல் வந்தது.

“இல்லீங்க... ஜில்லுன்னு இருக்குதுங்க.”

“கேட்டீங்களா! காச்சலு எறங்கிப்போச்சு!” தர்மகர்த்தா மூக்குத் துண்டை எடுத்துச் சுழற்றினார். பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் முழங்கிற்று. தம் பெயரை வெட்டிக் கோயிலில் ஒரு கல் நட வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் செய்தார்.

காசியம்மாள் செத்துப் போயிருந்தாள்.