முதல் ஷிப்ட் கடல்

சுங்குவார்சத்திரத்துக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட் பஸ்கள் கிளம்பிப் போன பிறகு. முனிரத்தினம் லாட்ஜுக்குப் பின்னால், வீட்டுமனை போட்டுக் கல் நட்டு வைத்திருந்த வயலில் அலையடித்தது. மாலையில் பஸ்கள் திரும்புவதற்குள் நண்டுகளைக்கூட விடாமல் வாரிக்கொண்டு போய்விட்டது. மறுவாரம் மறுபடி வந்தது. ஏரி உடைந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் முதலில் ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். வாயில் வைத்துப் பார்த்து உப்பு என்று தெரிந்ததும் திரும்பக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கடல் வந்தால் முதுகில் மூட்டையோடு ஊர்சுற்றிகளும் வருவார்கள். கையில் காசு குறைவாகவும் நாள் நிறையவும் வைத்திருக்கும் ஜனங்கள். லாட்ஜில் இரவு ஷிப்ட்காரன் எழுந்து போனதும் அதே பாயில் ஊர்சுற்றி படுப்பான், இருவருக்கும் வாடகை பாதி. வானிலைதான் யார் பேச்சையும் கேட்கவில்லை. மொட்டைமாடியின் ஒரு மூலையில் மழை கொட்டும். மறு மூலையில் முனிரத்தினத்தின் மனைவி உலகம்மாள் வடாம் காயவைத்துக்கொண்டிருப்பாள். போனில் வெயில் என்று போட்டிருந்தால் குடை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கமாயிற்று.

இத்தனை பேர் குளித்தும், எதிர் வீட்டுப் பெண் தென்றலின் கண்ணில் மட்டும் அந்தக் கடலின் நுரைகூடப் படவில்லை. போன் தயாரிக்கும் கம்பெனியில், ஸ்குரூ முடுக்கும் லைனில் அவளுக்கு வேலை. பிறந்ததிலிருந்து எந்தக் கடலையும் பார்த்ததில்லை. மெரினா போகலாம் என்று வீட்டில் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் பேசுவார்கள், அசதியில் தூங்கிவிடுவார்கள். அவளுக்கு இரவு ஷிப்ட் என்றால் கடல் வராது. ஞாயிற்றுக்கிழமையும் வராது. லீவு போட்டுக் குடையோடு காத்திருந்து பார்த்தாள். வயல் பொட்டலாகக் காய்ந்து கிடந்தது.

"நீ லீவு போட்டா அதுவும் லீவு போட்டுக்குது. நான் இன்னா பண்றது?" என்றார் முனிரத்தினம்.

"இன்னொரு லீவு போட்டா காண்ட்ராக்ட்லருந்து தூக்கிடுவாங்கண்ணா" என்று சொல்லும்போதே தென்றலுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காதது போல் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் குளச்சல்காரி ஷெர்லின் வந்து சேர்ந்தாள். கடல்களைப் பார்த்துச் சலித்தவள், இதை மட்டும் விட்டுவைப்பானேன் என்று மூட்டை கட்டியிருந்தாள். ஒருநாள் விடிகாலையில் மழைக்கு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கினாள். போன் நனையாமலிருக்க அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். இந்தச் சாலையில் அந்த நேரத்துக்குக் கழுத்தில் ஏதாவது தொங்க, தூக்கக் கண்ணோடு நிற்பவர் யாரானாலும் கம்பெனி ஆள்தான். டிரைவர் மாரிமுத்து கதவைத் திறந்து, "ஏறும்மா, லேட்டாவுது" என்றார். டிக்கெட் கேட்காத பஸ்ஸை வேண்டாம் என்று சொல்ல ஷெர்லினின் கொள்கை இடம் தரவில்லை. தலை எண்ணிக்கை சரியாக இருந்ததால் பஸ் கிளம்பிவிட்டது. கேட்டிலும் தலையைத்தான் எண்ணினார்கள். தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிய பிறகு லைனில் எல்லோரும் வெறும் இரண்டு கண்கள்தான். காலியாக இருந்த இடத்தில் நிறுத்தி ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தெருவின் பாதியில் மட்டும் பெய்த மழையில் மாட்டிக்கொண்ட தென்றல் ஓடி வந்தபோது பஸ்ஸின் பின்விளக்குதான் தெரிந்தது. வேலை போயிற்று என்று தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்தாள். அப்போது லாட்ஜுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. கணக்குப்படி அவள் பஸ்ஸில் இருந்தாள், ஆகவே கடல் வந்திருந்தது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடையாள அட்டையோடு இறங்கினாள். முதல் அலை காலடி மண்ணை உருவியது. அடுத்தது அவளை மனைக்கல் மேல் புரட்டிப் போட்டது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஒழுக எழுந்து சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்ததில்லை. மாடியிலிருந்த உலகம்மாளுக்கே கண் கலங்கிவிட்டது.

மாலையில் கடல் போன கையோடு ஷெர்லின் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததைச் சொன்னாள். தென்றல் ஈர அட்டையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "யாரும் இன்னான்னு கேக்கலியா?"

"ஒருத்தரும் கேக்கல பிள்ளே. மத்தியானம் சோறு தாராவ, ரெண்டு வட்டம் டீ தாராவ, போவ வர பஸ்சு. இவ்வளவு சல்லிசா நான் எங்கயும் சுத்தினதில்ல. நாளைக்கும் நானே போறேன்."

செய்தி மொட்டைமாடியில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. இப்போதெல்லாம் ஊர்சுற்றிகள் கழுத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு முறைவைத்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். லைன் பெண்கள் மனைக்கற்களின் மேல் துப்பட்டாவை வைத்துவிட்டுக் கடலில் இறங்குகிறார்கள். சூப்பர்வைசர் வெங்கடேசன் தலைகளை எண்ணி, சரி என்று கையெழுத்துப் போடுகிறார். உற்பத்தி ஒரு போன்கூடக் குறையவில்லை. மழை தன் இஷ்டத்துக்குப் பெய்கிறது. தென்றலுக்கு இப்போது நீச்சல் தெரியும்.