யாகூப் வரும் வரி

மவ்ஜூதாவின் உடலைக் குளிப்பாட்டிய ஈரக் கையோடு ஆப்கான் பெண் ஸர்மீனா வாசலுக்கு வந்தாள். "அண்ணே, அக்காவோட பச்சை நோட்டு எங்க? அத எங்ககிட்ட குடுத்துடுங்க."

கமோல் துக்கத்துக்கான நீல அங்கியின் இடுப்புத் துணியை முடிந்துகொண்டிருந்தான். மனைவி போய் ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை.

"எதுக்கு?"

"எங்க பொம்பளைங்க விஷயம்."

பத்தொன்பது வயதிலிருந்து மவ்ஜூதாவுக்கு அதுதான் வேலை. எல்லை தாண்டி வந்த ஆப்கான் பெண்களுக்குத் தங்க அனுமதி, தையல் வகுப்பு, அடிக்கிற புருஷனிடமிருந்து ஒளிய ஓர் அறை. இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான், எழுத்து வேறு. கமோல் ருஷ்ய எழுத்தில் கல்லூரி முடித்தவன். அவர்களுடைய எழுத்தை அவள் மட்டும் கற்றுக்கொண்டாள். அவன் எதிரிலேயே நோட்டில் எழுதுவாள். போனில் அடிக்கடி ஒரு பெயர்: யாகூப். கமோல் அறைக்குள் வந்தால் அவள் குரல் தாழும்.

நோட்டை எடுத்துவந்து நீட்டினான். "யாகூப்னு எங்க வருதோ, அங்க படிங்க."

அவள் விரல் ஒரு நீண்ட வரியின் மேல் வலமிருந்து இடமாக நகர்ந்தது. "யாகூப் தேடறான். இடத்த மாத்தணும்." நிறுத்தினாள். "அது என் வீட்டுக்காரர்."

"இவ்ளோ பெரிய வரிக்கு இவ்வளவுதானா?"

"மிச்சம் நாங்க இருக்கற இடம், அண்ணே."

"என்கிட்ட ஏன் மறைச்சா?"

"உங்களுக்கு வாய் நிக்காதாம். ஒரு டீ வாங்கிக் குடுத்தா வீட்டையே எழுதிக் குடுத்துட்டு வருவீங்களாம்."

அது மவ்ஜூதாவின் பேச்சுதான். மற்றது நிஜமா? அவன் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டான்.

கல்லறைக்குப் பெண்கள் வருவதில்லை. ஸர்மீனா தெருவாசலோடு நின்றுவிட்டாள். பாடையைப் பார்க்கவில்லை, அவன் இடுப்பைப் பார்த்தாள்.

மண் போட்டுத் திரும்பும்போது மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஆப்கான் ரொட்டிக்கடையில் நின்றான். கடைக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கமோல் நோட்டை வெளியே எடுத்தான்.

"என்ன தம்பி, நம்ம எழுத்தா? குடு, படிச்சுச் சொல்றேன்."

உள்ளே இருந்தவர்கள் திரும்பினார்கள்.

ஒரே ஒரு வரி. ஸர்மீனா சொன்னது நிஜமானால் அவர்கள் இருக்கும் இடமும் அதில்தான். கமோலின் விரல் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. நோட்டை மூடினான்.

"ரெண்டு ரொட்டி குடுங்க, அண்ணே."

"துக்க வீட்டுக்கு மூணு நாள் அக்கம்பக்கந்தான சோறு போடும்? உனக்கு எதுக்கு ரொட்டி?"

"பசிக்குது."

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்று பிய்த்தான். ஆவி பறந்தது. ஊதாமல் தின்றான்.