பெட்டிக்குள் கசகசா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை மறைத்து எழுதிப் பார்த்ததில் மூன்று தாள் வீணாகிவிட்டது. நான்காவது தாளில் ஒத்துக்கொள்கிறேன்.

கதைக்கு வேண்டியதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கிறது. நீலப் பெட்டி, சக்கரம் வைத்தது. உள்ளே துணிகளுக்கு நடுவில் ஒரு டப்பா மசாலாப் பொடி. அந்தப் பொடியில் கசகசா இருக்கிறது. பெட்டி போகிற நாட்டில் கசகசா போதைப்பொருள் கணக்கில் சேரும்; பிடிபட்டால் சிறை. பெட்டிக்காரிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு மணிக்குக் கார் வருகிறது. இப்போது மணி இரண்டேகால்.

நியாயமாக நான் எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் என்னைத் தடுக்காமல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

கிழித்த தொடக்கங்களைக் காட்டிவிடுகிறேன்.

"ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தார்கள். மூத்தவள் இளையவளைக் கூடப்பிறந்த தங்கை போல—" பொய். அடித்துவிட்டேன்.

"விமானம் மேலே ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். அப்போது வாயைத் திறந்து—" காது அடைக்குமா அடைக்காதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏறினேனா?

"அவளுக்காக நான் என்னதான் செய்யவில்லை?" இந்த இடத்தில் என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே நல்லவளாகிவிடுகிறேன். மூன்றாவது வரியில் கண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் 'பெரியவள்' என்று எழுதப் போகிறேன். இந்த வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என் கொழுந்தன் மனைவியை, அந்தப் பெட்டிக்காரியை, சின்னவள் என்று. பெரியவள் நான்தான், இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மூன்றாம் மனுஷியாக நிறுத்தி வைத்தால்தான் அவள் யோக்கியதை தெரியும்.

3

பெரியவள் ஒரு டிராவல்ஸில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேசை, எப்போதும் சூடாகவே இருக்கும் ஒரு ஜெராக்ஸ் மிஷின். டிக்கெட்டும் விசாவும் முதலாளி பார்த்துக்கொள்வார். ஆட்களைத் தயார் செய்வது இவள் பொறுப்பு. அந்த நாட்டுக்குப் போகிற யாரும் இவள் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"மாத்திரையை அட்டையோட வைங்க, பிரிச்சு டப்பாவுல போடாதீங்க. டாக்டர் சீட்டு கைப்பையில இருக்கட்டும். போலீஸ்காரங்களையோ தெரியாத பொம்பளைங்களையோ போட்டோ எடுக்காதீங்க. தொழுகை நேரத்துல கடை சாத்தியிருந்தா வெளியில நில்லுங்க, கதவைத் தட்டாதீங்க."

கூட்டத்தில் ஒருவர் தவறாமல் கேட்பார்: "நாமளும் முஸ்லிம்தானே மேடம், நமக்கு என்ன பயம்?"

"நம்ம வீட்டுல நாம முஸ்லிம். அங்க போனா விருந்தாளி. விருந்தாளி அடுத்தவங்க வீட்டு அலமாரியைத் திறக்கக் கூடாது."

இந்தப் பதில் பெரியவளுக்கே மிகவும் பிடிக்கும். மாதத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பாள். இருபத்திரண்டு வரி, அவளே எழுதியது. பதினான்காவது வரி வந்ததும் பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். "கசகசா. முழுசாவும் வேணாம், பொடியிலயும் வேணாம், பலகாரத்து மேலயும் வேணாம். சட்டைப் பையில ஒட்டியிருந்தாக்கூட உதறிட்டுப் போங்க."

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். பெரியவள் ஒன்பது வருடமாகத் தேன் எடுக்கிறாள். புறங்கையில் ஒரு சொட்டு ஒட்டியதில்லை.

4

போன மாதம் கொழுந்தனிடமிருந்து விசா வந்தது. அவர் அங்கே ஏ.சி. மெக்கானிக். மூன்று மாதம் தங்கலாம், மக்காவுக்குப் போய் உம்ராவும் செய்துகொள்ளலாம். இரண்டு பேருக்குத்தான் ஏற்பாடு: அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. குற்றம் சொல்ல இடமிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

"பெரியவ இருக்கா, வீட்டையும் மாமனாரையும் பாத்துக்குவா," என்றார் மாமியார்.

"விடு, அடுத்த தடவை பாக்கலாம்," என்றார் கணவர்.

(அவர் நல்ல மனிதர். எதையும் அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வார். எங்கள் குளியலறைக் குழாய் இரண்டு வருடமாக அடுத்த தடவைக்குக் காத்திருந்து சொட்டுகிறது.)

படிவங்களைப் பூர்த்தி செய்தவள் பெரியவள். காது தெரியப் போட்டோ எடுக்க வைத்தவள் பெரியவள். தானியங்கிப் படிக்கட்டில் கால் மாட்டாமல் இருக்க அபாயா அங்கியைக் கணுக்கால் வரை மடித்துத் தைத்தவளும் பெட்டியில் துணி அடுக்கியவளும் பெரியவள்தான். எல்லோருக்கும் கொடுக்கிற பட்டியலை வீட்டுக்கு மட்டும் அவள் கொண்டுவரவில்லை. "வீட்டுல இருக்கிறவளுக்குப் பட்டியல் எதுக்கு? நான்தான் இருக்கேனே," என்று சொன்னாள். சின்னவள் நம்பினாள்.

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தனக்கும் ஒன்று வேண்டும் என்று நினைப்பது ஆசை. அதற்கு மருந்து கிடைத்தாலும் கிடைக்கும். அவளுக்கு வேண்டாம் என்று நினைப்பது வேறு ஜாதி நோய். பெரியவளுக்கு வந்தது இரண்டாவது. பிளேனில் சின்னவள் போவதோ அவளுடைய புதுச் செருப்போ பெரியவளை உறுத்தவில்லை. அந்த நாட்டைப் பார்க்காமலே ஒன்பது வருடம் ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் இவள். சின்னவள் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து, இதே வீட்டில் உட்கார்ந்து, "நீங்க சொன்ன மாதிரி இல்லக்கா" என்பாள். இன்னும் சொல்லாத அந்த ஒரு வாக்கியத்துக்காக இப்போதே வயிறு எரிகிறது.

5

பெரியவள் வாய் செத்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்ற வாரம் மாமியார் கையில் இருந்த தாயத்தை அவள்தான் கழற்ற வைத்தாள்.

"மாமி, அதைக் கட்டிக்கிட்டுப் போகாதீங்க. அங்க சூனியம்னு பிடிச்சுக்குவாங்க."

"முப்பது வருஷமா என் கையில இருக்கு. ஓதிக் கட்டினது. உனக்கு என்னடி தெரியும்?"

"ஓதினது நமக்குத் தெரியும் மாமி. அவங்களுக்குக் கறுப்புக் கயிறுதானே தெரியும்?"

"நான் போறது உனக்குப் பொறுக்கல. அதான் ஒவ்வொண்ணா உருவுற."

பொறுக்கவில்லைதான். இருந்தாலும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கயிறு அலமாரியில் இருந்தது. வேண்டுமென்றால் அவளுக்குச் சொல்லத் தெரியும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பிறகு வியாழக்கிழமை வந்தது.

பெரியவள் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் ஏதோ படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. சின்னவள் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். வாணலியில் வெள்ளை வெள்ளையாக.

"என்ன வறுக்கிற?"

"அவருக்குப் பொடிக்கா. கடைப் பொடியைத் தின்னு நாக்கே செத்துப் போச்சாம். கசகசா கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் அவருக்குப் பிடிக்கும்."

பெரியவள் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். 'ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுதியது எனக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னாள். இதுதான்:

"இன்னும் நல்லா வறு. மூணு மாசம் கெடாம இருக்கும்."

6

(மணி மூன்று. மாமியார் குறட்டை இங்கே கேட்கிறது.)

சின்னவள் பாத்திரம் சரியாக வரவில்லை. அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கினால் நீங்கள் என் பக்கம் வருவீர்கள் என்று பார்த்தேன். முயற்சி ஒன்று: "சின்னவள் திமிர் பிடித்தவள்." ஆதாரம்? ஒருமுறை டம்ளரைக் கழுவாமல் போனாள். முயற்சி இரண்டு: "மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொண்டாள்." எப்படி? கால் பிடித்துவிட்டாள். பெரியவளையும் யாரும் பிடிக்க வேண்டாம் என்று தடுக்கவில்லை.

உண்மை இதுதான். இந்த வீட்டில் நான் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஆள் அவள். என் முதல் கதை ஒரு வார இதழில் வந்தபோது கணவர், "எவ்வளவு பக்கம்?" என்று கேட்டார். மாமியார், "நம்ம வீட்டு விஷயம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். சின்னவள் மூன்று பிரதி வாங்கினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் அம்மாவுக்கு. மூன்றாவதைக் காய்கறிக்காரரிடம் கொடுத்து, "எங்க அக்கா எழுதினது, படிச்சுட்டுத்தான் வெண்டைக்காய் கட்டணும்" என்றாளாம். பொறாமைப்படுகிறவளுக்கு இந்தப் பெண் ஒரு வசதியும் செய்து தர மாட்டேன் என்கிறாள்.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் பெரியவள் சொல்லிவிடுகிறாள். டப்பா வெளியே வருகிறது. "நல்ல வேளைக்கா!" என்று சின்னவள் நெஞ்சில் கைவைக்கிறாள். மாமியார், "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று நாலு திட்டுத் திட்டுகிறார். பெட்டியைத் திரும்பப் பூட்டுகிறார்கள். அவர்கள் போகிறார்கள். பெரியவள் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். சொன்னதற்கு எதுவும் கிடைக்கவில்லை. பொறாமைகூட அப்படியே இருக்கிறது.

இரண்டாம் முடிவில் யாருக்கும் தெரியாமல் டப்பாவை எடுத்து மறைத்துவிடுகிறாள். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, "பொடியைக் காணோமே" என்று போன் வரும். யார் எடுத்திருப்பார்கள் என்று மாமியாருக்குச் சொல்லவே வேண்டாம். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் வயிற்றெரிச்சல் என்று பெயர் வாங்கும். (இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். கதையாகப் பார்த்தால் இதுதான் நல்ல முடிவு.)

மூன்றாவதில் அவள் சும்மா இருக்கிறாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சும்மாவா? அங்கே விமான நிலையத்தில் பெட்டி நாடாவில் போகிறது. ஒரு கை அதைத் தனியே இழுக்கிறது. டப்பா திறக்கப்படுகிறது. மாமியார் ஒரு நாற்காலியில், யாரும் புரிந்துகொள்ளாத மொழியில், "என் மருமக எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உள்ளே ஓர் அறையில் அதிகாரி கேட்கிறார்: பெட்டியை யார் அடுக்கியது? சின்னவள் பயப்படாமல், கொஞ்சம் பெருமையாகவே, சொல்கிறாள்: "எங்க அக்காதான். அவங்களுக்கு எல்லா விதிமுறையும்—"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. கை வரவில்லை.

8

மணி மூன்றே முக்கால். கார் சீக்கிரமே வந்துவிட்டது.

இதைச் சின்னவள் என் முன்னால் நிற்க நிற்க எழுதுகிறேன். அபாயா கணுக்காலில் சரியாக நிற்கிறது. பயணம் போகிறவர்கள் போகுமுன் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். யார் மனக்குறையையும் சுமந்துகொண்டு அங்கே போகக் கூடாது. மாமனாரிடம் கேட்டுவிட்டாள், என் கணவரிடம் கேட்டுவிட்டாள். இப்போது என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், பேனாவோடு சேர்த்து.

"அக்கா, தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோகுற மாதிரி ஏதாச்சும் நடந்திருந்தா மன்னிச்சிருங்கக்கா. மத்தவங்ககிட்ட கேட்டது கடமைக்கு. உங்ககிட்ட அப்படி இல்ல."

"ஒரு நிமிஷம் நில்லு. ஒரு வரி முடிச்சிடறேன்," என்றேன். இதுதான் அந்த வரி.

"புதுக் கதையாக்கா?"

"ம்."

"முடிஞ்சிருச்சா?"

"முடிவு வரல."

"குடுங்க, பிளேன்ல படிக்கிறேன்."

"பிளேன்ல வேணாம். இப்பப் படி. பெட்டியைக் கார்ல ஏத்துறதுக்கு முன்னாடி."

"இவ்வளவையுமா? டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு."

"முதல் பக்கம் போதும்."

வாயாலேயே சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாயால் சொன்னால் கசகசாவை மட்டும்தான் சொல்வேன். வியாழக்கிழமையைச் சொல்ல மாட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டு நிற்கிறவளிடம், "ஐயோ, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்று சொல்லி நல்லவளாகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதல் பக்கத்தோடு அவள் நிறுத்த மாட்டாள் என்பதும் தெரியும். என் கதை எதையும் அவள் பாதியில் வைத்ததில்லை.

எனவே, மன்னியுங்கள், இந்த முடிவு உங்களுக்காக எழுதப்பட்டது இல்லை. இது உங்கள் கைக்கு வந்திருந்தால் அவள் தாள்களைக் கிழிக்கவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. கடைசித் தாளில் பாதி காலியாக இருக்கிறது. பேனாவையும் சேர்த்து அவளிடம் கொடுக்கிறேன்.