மொட்டை போடப் போனவர்

ரேணிகுண்டா ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டராக இருந்து ரிட்டயரான நாகபூஷணம், ஏர்பேட்டில் ரயிலேறிய ஒரு குரங்கிடம் தாம் டிக்கெட் கேட்டதாகவும், அது மரியாதையாக எடுத்து நீட்டியதாகவும், ஆனால் அது நேற்றைய டிக்கெட்டாக இருந்ததால் இறக்கிவிட வேண்டியதாகிவிட்டது என்றும் சொல்லுவார். சிரிக்காமல் சொல்லுவார். கேட்டவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மனைவி கமலம்மா மட்டும், "பாவம், எங்க போவணுமோ என்னமோ. உட்டிருக்கலாம்" என்பாள். உலகத்தில் அவரை நம்பிய ஒரே ஆள் அவள்தான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த ஒரு ஆளே போதுமானதாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம் கமலம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. அப்புறம் உப்பே இல்லாத குழம்பு. அப்புறம் குழம்பே இல்லை. அடுப்பு மட்டும் எரிந்தது. திருப்பதி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வயசானா இப்படித்தான்" என்றார். அந்த டாக்டர் கமலம்மாவைவிட மூத்தவர் என்பதை நாகபூஷணம் நாகரிகம் கருதி எடுத்துச் சொல்லவில்லை.

மிச்சமிருந்தது பெருமாள்தான். நாகபூஷணத்துக்கு அந்த வயதிலும் கருகருவென்ற முடி. நெற்றியில் ஒரு சுருள். அதில் ஒரு சிட்டுக்குருவி குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு மெட்ராஸ் மெயிலில் போய்விட்டது என்பதும் அவர் சொன்னதுதான். "சாமி, இத எடுத்துக்கினு அவ ஞாபகத்தக் குடு" என்று வேண்டிக்கொண்டார்.

மலையில் கமலம்மாவைப் படி ஓரம் உட்காரவைத்து, பக்கத்துக் குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். சந்தனம் பூசிய தலையோடு திரும்பி வந்தார்.

"எழுந்துரும்மே, போலாம்."

கமலம்மா அண்ணாந்து பார்த்தாள். "யாரு நைனா நீ?"

"நான்தாம்மே."

"எங்க வூட்டுக்காரரு மொட்டை போடப் போயிக்கிறாரு. அவருக்கு முடி இருக்கும்."

"மொட்டை போட்டா முடி எப்டிம்மே இருக்கும்?"

"அதெல்லாம் தெரியாது. அவருக்கு இருக்கும்."

அவளுக்கு அவரைப் பற்றி மிச்சமிருந்த ஞாபகமே அந்த முடிதான் என்பது, முடி போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கையைப் பிடித்தார். கத்திவிட்டாள். பக்கத்துக் குடும்பத்துக்கும் மொட்டையில் ஆள் அடையாளம் தெரியவில்லை. கூட்டம் கூடி, தொலைந்தவர்களை உட்காரவைக்கும் கொட்டகைக்கு இருவரையும் கொண்டுபோய் விட்டது. அங்கே கான்ஸ்டபிள் கங்கையா இருந்தார்.

"ஏமய்யா, யாரு வூட்டு அம்மாவ யாரு இட்டுக்கினு போறது?"

நாகபூஷணம் நடந்ததை அப்படியே சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குரங்கோ குருவியோ சேர்க்காமல் சொன்னார். நம்பப்படவில்லை. அந்த நேரத்துக்கு ரேணிகுண்டா டீக்கடை ரங்கையா அந்தப் பக்கம் வந்தான். கங்கையா அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். ரங்கையா மொட்டையைச் சுற்றி வந்து பார்த்தான்.

"குரலு நாகபூஷணம் குரலுதான் சார். ஆனா அவரு சொல்றத மட்டும் நம்பிடாதீங்க."

"அந்தம்மா ஒத்துக்கினாதான் அனுப்புவேன்" என்றார் கங்கையா. "இல்லாட்டி சாயங்காலம் கீழ அனாதை ஆசிரமத்துக்குப் போவும்."

பெஞ்சின் ஒரு கோடியில் கமலம்மா, மறுகோடியில் அவர். சுற்றிலும் மொட்டைகள் போய்க்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி அழைத்தது: ரேணிகுண்டா நாகபூஷணம் எங்கிருந்தாலும் வரவும், உங்கள் மனைவி காத்திருக்கிறார். நாகபூஷணம் தலையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் அழைத்தது.

கடைசியில் மெல்லக் கேட்டார். "யாருக்காவ காத்துக்கினு இருக்கீங்கம்மா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. நீங்க?"

"எங்க வூட்டுக்காரிக்கு."

"வருவாங்களா?"

"தெரியலம்மா."

கமலம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையில் முடிந்திருந்த வடையைப் பிட்டு நீட்டினாள். "துன்னுங்க. காலையிலேர்ந்து உக்காந்திருக்கீங்க."

தின்றார். "உங்க வூட்டுக்காரரு ரேணிகுண்டாவுக்குப் போயிருந்தாலும் போயிருப்பாரு. நானும் அந்தப் பக்கம்தான்."

அவள் கங்கையாவிடம் சொன்னாள்: "இவரோட போறேன் சார். நல்லவரா தெரியறாரு."

முடி வளர்ந்தது, வெள்ளையாக. சுருள்கூட வந்தது. அதற்குள் அவள் முடியையும் மறந்திருந்தாள். அவர் உள்ளே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவரு இன்னும் வரல, உக்காருங்க" என்பாள். உட்காருவார்.

சனிக்கிழமைதோறும் அவளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை. பெயர் தெரியாமல் முழிக்கும் கிழவர்களை யாராவது அதட்டினால் எழுந்து நிற்பார்.

"பைத்தியம் இல்ல சார், குடியும் இல்ல. இது மறதி நோவு. அதட்டாதீங்க."

"நீ என்ன டாக்டரா, வக்கீலா?" என்றார் கங்கையா.

"டிக்கெட் கலெக்டர் சார். கையில நேத்து டிக்கெட்ட வச்சிக்கினு இருக்காங்க, அவ்ளோதான். எறக்கி உட்டுடாதீங்க."

கங்கையா சிரிக்கவில்லை. பிறகு அப்படிப்பட்டவர்கள் வந்தால் அவரே, "பெரியவரே, உங்க ஆளு வந்துகிறாரு" என்று கூப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை நகரியிலிருந்து வந்த நெசவுக்காரர் வேதாச்சலம், நூல் சுற்றி முடிக்காமல் நகரமாட்டேன் என்று வெறுங்கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாகபூஷணம் எதிரே உட்கார்ந்து, இல்லாத நூல் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார். மத்தியானம் முழுக்கச் சுற்றினார்கள். தேடி அலைந்த மகள் வள்ளி வந்து அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

பெஞ்சில் இருந்த கமலம்மாவிடம் கேட்டாள்: "அவரு உங்க வூட்டுக்காரராம்மா?"

"இல்லம்மா. எங்காளு மொட்டை போடப் போயிக்கிறாரு. இவரு யாரு வூட்டுக்காரரோ. குடுத்து வச்சவ."

கையிலிருந்த நூல் அறுந்துவிடப் போகிறதே என்று நாகபூஷணம் திரும்பிப் பார்க்கவில்லை.