கிரகத்து மண்டோர்

குணாளனைக் கொல்வது என்று நான் முடிவு செய்தபோது என்னிடம் அரிவாள் இல்லை. கைப்பேசி இருந்தது, ஞாயிறு மலரில் வாராவாரம் ஒரு பக்கம் இருந்தது. அவனுக்கு அது போதும்.

என் பெயர் வசுமதி. மலைமேல் கியா பார்ம் என்ற ஊரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆள் வராத நேரத்தில் விஞ்ஞானக் கதை எழுதுகிறேன். கொழுந்து பறித்தவள் மகளுக்கு ராக்கெட் எதற்கு என்று வாயைப் பொத்திச் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் பேப்பரைத் தேடுகிறார்கள். நன்றாகத் தேடட்டும்.

என் தம்பி அர்ஜுனன் கோலா தெர்லா சாலையில் லோரி மோதிச் செத்தான். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் எஸ்டேட்டில் கல்யாணம் ஆகாமல் செத்தவர்களுக்குக் கல் வைப்பதில்லை. குழிமேல் ஒரு தேயிலைக் கன்றை நடுவோம். மற்ற செடிகளை எல்லாம் கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவார்கள். இதை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது பாட்டுக்கு ஆளுயரம் தாண்டி மரமாகிவிடும். வருஷத்தில் ஒருநாள், செத்த தேதியில், புதுச்சட்டை வாங்கி அதன் கிளையில் மாட்டுவோம். கல்யாணத்துக்குப் போட்டிருக்க வேண்டிய சட்டை. பெண் பிள்ளை என்றால் சேலை. அர்ஜுனனைப் புதைத்த சரிவில் அப்படி ஏழெட்டு மரங்கள் நின்றன.

அர்ஜுனனின் மரத்தில் குணாளனும் சட்டை மாட்டியிருக்கிறான். என் தம்பியின் கூட்டாளி அவன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தான்; என் கையால் தோசை வாங்கித் தின்றே வளர்ந்தான். படித்து முடித்து அதே எஸ்டேட்டில் இயந்திரப் பிரிவுக்கு ஆபீசராக வந்தபோது, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஸ்ட்ராபெரி கொடுத்துக் கொண்டாடினேன். பைத்தியக்காரி நான்.

அவன் கொண்டுவந்தவை கொழுந்து வெட்டும் ரோபோக்கள். அவற்றுக்குச் சரிவு ஆகாது என்று மலையைச் சீவினார்கள். ஈரம் ஆகாது என்று ஓடையைத் திருப்பினார்கள். நிழல் ஆகாது என்று பழைய மரங்களைச் சாய்த்தார்கள். செடிகள் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் நட்டநடுவில் நின்றுகொண்டு கீச்சுக் கீச்சென்று கத்தும். புது மாப்பிள்ளைக்குக்கூட எவரும் இத்தனை உபசாரம் செய்ததில்லை.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் சரிவில் ஒரு மரமும் இல்லை. எல்லாவற்றையும் இடுப்பளவில் வெட்டியிருந்தார்கள். செடியோடு செடியாக நின்றன. இதில் எது என் தம்பி என்று எனக்கே தெரியவில்லை.

குணாளனைத் தேடி ஆபீசுக்கு ஓடினேன்.

"உனக்குத் தெரியாதாடா? நீயே சட்டை மாட்டுனவன்தானே?"

"தெரியும்க்கா. மெஷினுக்கு எல்லாம் ஒரே லெவல்ல இருக்கணும். மேலேர்ந்து ஆர்டர். நான் என்ன செய்ய?"

"அங்க படுத்திருக்கறது உன் கூட்டாளிடா!"

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "செடிதானேக்கா. திரும்ப வளரும்லா."

 அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். காவலுக்கு நின்றவர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அது போதாதென்று அடுத்த செய்தி வந்தது. அந்தச் சரிவைத் தோண்டி, ரோபோக்களுக்கு சார்ஜ் ஏற்றும் கொட்டகை கட்டப்போகிறார்கள். எங்கள் ஆட்கள் போய் எஸ்டேட் மேனேஜரான புது துரையிடம் முறையிட்டார்கள். "அங்கே ஒரு கல்கூட இல்லையே, அது எப்படிப் புதைகாடு?" என்று கேட்டாராம். கல் வைக்காத எங்கள் வழக்கமே எங்களுக்கு எமனாக வந்தது. ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களில் அது என்ன இடம் என்று அறிந்தவன் குணாளன் ஒருவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் துரை நம்புவார். அவன் வாயே திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு மலர் ஆசிரியர் அமிர்தலிங்கம் புதுத் தொடர் கேட்டார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

தூரத்தில் ஒரு கிரகம். அங்கே ரோபோக்கள் குடியேறப் போகின்றன. மனிதருக்காகக் கிரகத்தை மாற்றுவது என்றால் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், மரம் வேண்டும். ரோபோவுக்கு எல்லாம் தலைகீழ். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதனால் கடல்களை வற்றடிக்க வேண்டும். வேர் சக்கரத்தில் சிக்கும்; அதனால் காட்டை எரிக்க வேண்டும். காற்றே வேண்டாம், உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இந்த வேலையை மேற்பார்க்க ஒரே ஒரு மனிதன் போகிறான். பெயர் குணா. எஸ்டேட்டில் கங்காணியை மண்டோர் என்போம்; இவன் கிரகத்து மண்டோர். இடது புருவத்தில் தழும்பு வைத்தேன், பேசும்போது மூக்கைச் சொறிய வைத்தேன். குணாளனைத் தெரிந்தவர்கள் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது அல்லவா?

யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மூன்றாவது வாரமே ரிங்லெட் டவுனில் அவனைப் பார்த்தவர்கள், "என்னா மண்டோர், உங்க கிரகத்துல மழை உண்டா?" என்று கேட்டார்களாம். அவன் அம்மா திலகம் என் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்திய வாரம் அவனே கடைக்கு வந்தான்.

"போதும்க்கா. பொண்ணு பாக்கப் போன வீட்டுல, கதையில வர்றது நீங்கதானான்னு கேக்கறாங்க."

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே. பெருமைதானே?"

"கடைசியில என்னைய என்ன செய்யப் போறீங்க?"

"சனிக்கிழமை தோண்ட வர்றாங்க. துரையும் வருவாரு. எல்லார் முன்னாடியும் சொல்லு, இங்க ஆளுங்கள பொதைச்சிருக்குன்னு."

"வேலை போயிரும்க்கா."

"என் தம்பியே போயிட்டான்டா."

மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றான். மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். இவனாவது வாயைத் திறப்பதாவது என்று எண்ணி, அன்றைக்கே முடிவை எழுதினேன்.

கிரகம் தயாராகிவிட்டது. ரோபோக்கள் வந்து இறங்குகின்றன. எல்லாம் காய்ந்து, சமமாக, சுத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு பொருள் மட்டும் வியர்க்கிறது, மூச்சு விடுகிறது, மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கிறது. ரோபோக்கள் குணாவுக்கு மரியாதையாக நன்றி சொல்கின்றன. பிறகு அவனையும் சமமாக்குகின்றன. எழுதி அமிர்தலிங்கத்துக்கு அனுப்பிவிட்டு, பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். சனிக்கிழமை மாலைவரை திருத்தம் இருந்தால் சொல்லலாம் என்று அவர் பதில் போட்டிருந்தார்.

சனிக்கிழமை பனிமூட்டத்தில் சரிவில் போய் நின்றோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் மடியில் மஞ்சள் குங்குமத்தோடு வந்திருந்தார்கள். மண் வெட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. துரை கையை உயர்த்தப் போன நேரத்தில் குணாளன் நடந்து வந்தான்.

நேராக ஒரு செடியிடம் போனான். தேடவில்லை, எண்ணவில்லை. அதன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"துவான், இது குபோர்," என்றான். ஐயா, இது புதைகாடு என்று துரைக்குப் புரியும்படி மலாய் மொழியிலேயே சொன்னான். "என் கூட்டாளி இங்கே இருக்கிறான். என் கையால் மண் போட்டேன். இந்தச் சரிவு முழுக்க இப்படித்தான். எல்லாம் தெரிந்துதான் வெட்டச் சொன்னேன்."

துரையின் முகம் சிவந்தது. போலீஸ், கோர்ட் என்று பக்கத்தில் இருந்தவர் துரையின் காதில் ஏதோ சொன்னார். இயந்திரத்தை அணைத்தார்கள். குணாளன் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தோண்டுவது நின்றுபோனது.

மாலையில் அமிர்தலிங்கம் கூப்பிட்டார். "முடிவுல ஏதும் மாத்தணுமாம்மா? இன்னும் நேரம் இருக்கு."

மாற்றியிருக்கலாம். ஒரு வரி போதும்: ரோபோக்கள் அவனை வீட்டுக்கு அனுப்பின. ஆனால் காலையில் பார்த்தது கண்ணிலேயே நின்றது. அவன் என் தம்பியைக் காட்டிவிட்டான். மற்ற தாய்மார்கள் ஒவ்வொரு செடியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு, தங்கள் பிள்ளை எது என்று தெரியாமல், கொண்டுவந்த குங்குமத்தை எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளை யார் காட்டுவது?

"அப்படியே போடுங்க சார்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்த பிறகு குணாளன் கடைக்கு வந்தான். கையில் பேப்பர்.

"படிச்சிட்டேன்க்கா."

"ம்."

"அந்த மண்டோருக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆகல."

பேப்பரை மடித்தான். "அப்ப, அவனுக்கு ஒரு செடி நட்டிருப்பாங்கதானே?"

அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன். "செடி ஏதுடா அங்க? எல்லாத்தையும் நீதானே வெட்டுன."

அவன் அழுதான். நான் அழவிட்டேன்.